பானட் திறந்தால் வருபவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு காரின் பானட் திறந்தால் போதும், அவர் வந்துவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஷிப்டு முடிந்து டீக்கடையில் நின்றவர், கிளாசும் கையுமாக வண்டியருகே முளைப்பார்.

"இன்னா தம்பி, பிக்கப் இல்லியா?"

இல்லைதான். டர்போ வண்டி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது, இருமுகிறது, பிறகு திடீரென்று பாய்கிறது.

"டர்போ போச்சு."

தீர்ப்பு வந்துவிட்டது, விசாரணை இனிமேல்தான்.

அவருடைய செல்வாக்குக்கு வேர் திருவள்ளூரில் இருக்கிறது. 1998-ல் அங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாராகத் தொடங்கியது. இப்போது அதே திருவள்ளூரிலிருந்து சிட்ரோயன் சி3 டர்போ வருகிறது. 'லான்சர் காலத்துல அங்க இருந்தேன்' என்பவர்களையெல்லாம் சேர்த்தால், ஆலைக்குள் கார் நிறுத்த இடம் இருந்திருக்காது. இவர் இருந்தது அசெம்பிளி லைனிலா, கேன்டீனிலா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விடுவார். நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு. "பாத்தியா, ஆயில் கக்குது!" இன்ஜினின் எண்ணெய் ஆவி அந்தக் குழாயில் லேசாகப் படிவது சகஜம். அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வராது. அடுத்து, காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரைக் கர்ச்சீப்பால் துடைக்கக் கிளம்புவார். வண்டிக்காரர் பதறித் தடுப்பார்.

டர்போவைச் சுழற்றுவது சைலன்சருக்குப் போகும் புகை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது. வேகம் பிடிக்கச் சற்று நேரம் எடுப்பது அதன் குணம். அதற்கு மேல் திணறினால்தான் நோய். அதுவும் பல சமயம் சில்லறைச் சமாச்சாரம்: தளர்ந்த கிளாம்ப், வெடித்த இன்டர்கூலர் ஹோஸ், பெட்ரோல் வண்டியானால் தேய்ந்த பிளக், அடைத்துக்கொண்ட ஏர் பில்டர். இரும்பாலைகளுக்கு நடுவே ஓடும் வண்டியின் ஏர் பில்டர் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ஆனால் கிளாம்ப் என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? டர்போ என்றால்தான் வண்டிக்காரர் முகம் வெளுக்கும், இன்னொரு டீ வரும்.

கடைசியில் மெக்கானிக் ஷெட்டுப் பையன் வந்து ஸ்கேனரைச் செருகினான். பி0299. டர்போ தர வேண்டிய அழுத்தம் குறைகிறது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். ஏன் குறைகிறது என்பதை ஆள்தான் தேட வேண்டும்.

"டர்போன்னு போட்டிருக்குல்ல?" என்றார் அவர்.

பையன் பதில் பேசாமல் குழாய்க்குள் காற்றை ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீர் தெளித்தான். ஹோஸ் வளைவில், கிளாம்புக்குக் கீழே, குமிழி குமிழியாக நுரை கிளம்பியது. நகக்கண் அளவு விரிசல்.

"அதான் சொன்னேனே, டர்போ லைன்ல!"

ஹோஸ் மாற்றியாயிற்று. கதவைத் திறந்து முன்சீட்டில் முதலில் உட்கார்ந்தவர் அவர்தான். "ஓட்டிப் பாத்தாதான் தம்பி தெரியும். தச்சூர் கூட்டுரோடு வரைக்கும் விடு."

வண்டி திணறாமல் போனது. கூட்டுரோட்டில் இறங்கிக்கொண்டார், வீடு அங்கிருந்து நாலு எட்டு. "ரிட்டன்ல சத்தம் ஏதாவது வருதான்னு நீயே பாத்துக்கோ."