எனக்குப் புரியாத ஏழு பங்கு

முப்பது வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். ஒரு நாடு எதனால் வளர்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: மூலதனம், உழைப்பு, அப்புறம் ‘மிச்சம்’. அமெரிக்கக் கணக்கை 1957-இல் போட்டுப் பார்த்த ராபர்ட் சோலோ, ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி கூடியதில் எட்டில் ஒரு பங்குதான் இயந்திரம் பெருகியதால் வந்தது என்றார். மீதி ஏழு பங்கு மிச்சம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண். அதற்கு மேல் நானும் யோசித்ததில்லை.

2004 கடைசியில் திருப்பூரில் மைத்துனன் வீட்டுச் சாப்பாட்டில் ஜோசியம் சொன்னேன். “எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம்னு இருந்த ஜவுளிக் கோட்டா ஜனவரி ஒண்ணோட உலகம் பூரா முடியுது மாப்ள. வங்கதேசம் காலி. ஆர்டரெல்லாம் இங்கதான்.” பனியன் கம்பெனி வைத்திருக்கும் அவன், “பாக்கலாங்க மாமா” என்றான். பந்தயம், குடும்பத்துக்கே பிரியாணி.

கோட்டா போனது. வங்கதேசம் போகவில்லை. மூன்று வருடம் கழித்து பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அப்போதும் வாய் அடங்கவில்லை. “ஐரோப்பாவுல அவங்களுக்கு வரி இல்ல, கூலியும் கம்மி. மத்தபடி தைக்கிறதுல என்ன பெரிய வித்தை?”

மைத்துனன் பேசாமல் என்னை யூனிட்டுக்குக் கூட்டிப்போய் ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தான். அது தைத்தபடியே ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். எனக்கு ஓரத்தோடு நிற்கவில்லை. பெடலைத் தொட்டதுதான் தெரியும், பெரியவர் பனியன் ஐந்து வயதுப் பையனுக்கு ஆகிவிட்டது. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அக்கா துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அதே துணி, அதே நூலு, அதே மெஷினுங்க மாமா” என்றான் மைத்துனன். “ஆளுதான் வேற.”

பிறகுதான் தேடிப் படித்தேன். வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸ் 1979-இல் 130 பேரைத் தென்கொரியாவின் புசானில் இருந்த தேவூ ஆலைக்கு அனுப்பியது. மாதக்கணக்கில் அங்கே தங்கி, தைப்பதோடு ஆலை நடத்துவதையும் சரக்கை விற்பதையும் கற்றுத் திரும்பினார்கள். 1987-க்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டுப் போய்விட்டார்கள். போன இடமெல்லாம் புதுக் கம்பெனிகள். முதலாளிக்கு நஷ்டம், நாட்டுக்கு லாபம். சோலோவின் மிச்சம் காலால் நடந்து போயிருக்கிறது. நான் அதைக் கரும்பலகையில் தேடிக்கொண்டிருந்தேன்.

என் பனியனை மைத்துனன் எனக்கே கொடுத்துவிட்டான். வகுப்பில் பலகை துடைக்க வைத்திருக்கிறேன். “இது என்ன துணி சார்?” என்று பையன்கள் கேட்டால், “கட்டிங் வேஸ்ட்டுப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறேன்.