வெண்ணெய் உருண்டையின் நிழல்: ஒரு வெப்பவியல் ஆராய்ச்சி

மாமல்லபுரத்துக் குன்றுச் சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையை நாடி வருவோர் இருவகையினர்: அதைத் தள்ளுவதுபோல் படம் எடுத்துக்கொள்வோர், அதன் நிழலில் ஒதுங்குவோர். கத்தரி வெயிலில் முன்னவரின் உள்ளங்கைக்கு நேர்வது வெப்பக் கடத்தல். தொட்ட கணத்திலேயே முடிந்துவிடுவதால் அதில் ஆராய அதிகமில்லை. பின்னவருக்கு நேர்வது அகச்சிவப்புக் கதிர்வீச்சு, ஆய்வுக்குரியவர் அவரே.

நிழலில் புகுந்தவர் வெப்பத்திலிருந்து தப்பினார் என்பது உலக வழக்கு. அது பாதியளவே மெய். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்துக் கண்ட கதிர்கள் சூரியனுக்கு மட்டும் உரியவை அல்ல. 50 பாகை செல்சியஸுக்குக் காய்ந்த பாறைச் சரிவும், 9 மைக்ரான் அலைநீளத்தை உச்சமாகக் கொண்டு, ஓசையின்றிக் கதிர்வீசுகிறது. அதில் ஏறத்தாழ 98 விழுக்காட்டை எதிரே அமர்ந்தவரின் தோல் உட்கொள்கிறது. மாநிறம், சிவந்த நிறம் என்ற பாகுபாடு இவ்வலைநீளத்தில் இல்லை. மணமகள் தேவை விளம்பரங்கள் இதனைக் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை. வெள்ளை வேட்டியும் ஐயப்ப பக்தரின் கறுப்பு வேட்டியும் வெயிலில் வேறுபடும். பாறையின் முன் ஒன்றே. அமர்ந்த உறுப்பு உணரும் சூடோ மீண்டும் கடத்தலின் பாற்பட்டது. அதைக் கதிர்வீச்சின் கணக்கில் எழுதுவது பெரும்பிழை.

அவ்வூரிலேயே உள்ள அருச்சுனன் தபசுச் சிற்பப் பாறை கிழக்கு நோக்கியது. ஆதலின் பிற்பகலில் அது தன் நிழலிலேயே நிற்கிறது. அங்கே முன்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும், அதை நம்பி அருகில் வந்த எலிகளும், காலையில் வாங்கிய வெப்பத்தை ஒரே விகிதத்தில் திருப்பித் தருகின்றன. தவத்தின் மெய்யும் பொய்யும் கதிர்வீச்சில் புலப்படுவதில்லை.

சுற்றுலாப் பேருந்தின் கண்ணாடி இரட்டை நாவுடையது: வெயிலை உள்ளே விடும், உள்ளே காய்ந்த இருக்கைகள் வீசும் நெடிய அலைகளை வெளியே விடாது. மாங்காய்க் கீற்று விற்பவரின் குடை சூரியனை மறைத்து, தான் சூடேறி, அவர் தலைமீது தன் பங்கைப் பொழியும்.

விலக்காக நிற்பது எவர்சில்வர் ஒன்றே. மெருகேறிய உலோகம் அகச்சிவப்பின் பெரும்பகுதியை எதிரொளிக்கும். ஆகவே நிழலில் ஒதுங்குவோர் சாப்பாட்டு அடுக்கின் மூடியைப் பாறைக்கும் தமக்கும் இடையே பிடிப்பது அறிவியலுக்கு உகந்தது. மூடியின் பரப்பு முகத்துக்கே போதுமானது. எஞ்சிய உடலுக்கு இட்லிக் கொப்பரை மூடியே தகும். ஆயின் அதைத் தாங்கும் கையின் நிலை தனி ஆய்வுக்குரியது.