கடைசி நேர ஒட்டுமெத்தை: விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

சிவகாசிக்காரர்கள் காரியத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அன்றிலிருந்து ஊர் காலண்டருக்கு முன்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்கான பட்டாசு வேலை தொடங்கிவிடும். வருகிற வருஷத்துக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கன்றே வெளிவந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட ஊரில், பத்து மாதம் முன்னதாகத் தகவல் சொல்லிவிட்டு வருகிற ஒரே விருந்தாளிக்கு விரிக்க, துண்டுத்துணிகளை இணைத்து ஒட்டுமெத்தை தைப்பது மட்டும் வலி எடுத்த பிறகுதான். இந்த முரண் ஆய்வாளர்களின் கண்ணுக்குத் தப்பியது வியப்பே.

2. கருதுகோள்

இது சோம்பல் அல்ல, கொள்கை. பிறக்காத பிள்ளைக்குத் துணிமணி சேர்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வளைகாப்புக்குக் கை நிறைய வளையல் வரும், வகைவகையாய்ச் சோறு வரும். பிள்ளைக்கென்று கைக்குட்டை அகலத் துணி வராது. மீறி ஊசியில் நூல் கோக்கும் பேத்திக்கு ஆச்சியின் தீர்ப்பு உடனே கிடைக்கும்: “இப்பவே என்ன அவசரம் தாயி? புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும், பாத்துக்கிடலாம்.”

டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதியும் உதவாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது வெறும் கணக்கு. அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து தேறினால் அதிகம். ஆகவே கடைசி நேரம் வந்துவிட்டதா என்பது அது கடந்துபோன பிறகே தெரியவரும்.

இக்கொள்கைக்கு அரசின் ஒப்புதலும் உண்டு. பின்லாந்து 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும் 1949 முதல் எல்லோருக்கும் பிள்ளைத் துணிப்பெட்டி கொடுத்துவருகிறது. பெட்டி பிரசவத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். தமிழ்நாடு 2015இல் தொடங்கிய 16 பொருள் பரிசுப் பெட்டகமோ அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த பிறகுதான் கைக்கு வந்தது. கோட்டையிலும் ஓர் ஆச்சி இருந்திருக்க வேண்டும்.

3. மூலப்பொருள்

முதலிடம் பழைய காட்டன் சேலைக்கு. தறியில் பாவு அறுந்துபோகாமல் இருக்க நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். புதுத்துணியின் விறைப்புக்கு அதுவும் ஒரு காரணம். அருப்புக்கோட்டையிலோ சுந்தரபாண்டியத்திலோ நெய்த சேலை பல வருஷம் சலவைக்கல்லில் அடிபட்ட பிறகே பிள்ளை உடம்புக்கு ஆகிவரும். போகிற சாயமெல்லாம் அதற்குள் போயிருக்கும். அதாவது, தயாரிப்பின் பெரும்பகுதியை அம்மாவோ ஆச்சியோ தங்களை அறியாமலே முடித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாமிடம் கட் பீஸுக்கு. ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் வட்டாரம் நைட்டிக்குப் பேர்போனது. வெட்டியது போக மிஞ்சும் பூப்போட்ட துண்டுகளுக்கு அங்கே பஞ்சமில்லை. நடுவில் வைக்கச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி இருக்கிறது. காற்றோட்டமான இந்த இளநெசவுக்குப் பெருநகரக் கடைகளில் வேறு பெயரும் வேறு விலையும்.

பாலியஸ்டர் கூடாது. நிலைமின்சாரத்துக்கு அஞ்சிப் பட்டாசு ஆலைகளில் பருத்தி உடைதான் என்று விதி. பிள்ளைக்கு அஞ்சுவது வியர்க்குருவுக்கு. ஆனால் ஆலைக்கு உடுத்திப்போன சேலை எவ்வளவு பழசானாலும் தேறாது. மடிப்பை உதறி வெயிலில் பிடித்தால் அலுமினியப் பவுடர் மினுங்கும்.

4. கணக்கு

மூன்றடிக்கு மூன்றடி ஒட்டுமெத்தை. ஆறு அங்குலக் கட்டமாக 36 துண்டுகள். நான்கு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால் ஒவ்வொன்றும் ஏழங்குலமாக வெட்ட வேண்டும். வரிசைக்குள் இணைப்பு 15 அடி, வரிசைகளை இணைக்க 15 அடி, ஓரம் 12 அடி. ஆக 42 அடித் தையல், அதுவும் மேல்பக்கத்துக்கு மட்டும். ஆட்டோ வாசலில் நிற்கும்போது இது நடக்காது.

மாற்று வழி: 18 அடிச் சேலையை மூன்றடி மூன்றடியாக மடித்தால் ஆறு அடுக்கு. சேலையின் அகலம் மூன்றே முக்கால் அடி என்றால் சுற்றளவு பதின்மூன்றரை அடி. நடுவில் நாலைந்து வரி ஓட்டுத் தையல் போட்டால் அடுக்கு நழுவாது. நைட்டித் துண்டில் ஒரு யானையோ மாங்காயோ வெட்டி மேலே தைத்தால் கைவேலை என்று ஒப்புக்கொள்வார்கள். வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டால், கரிசல் காட்டு வெயிலில் காப்பி குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். பட்டாசுத் தொழிலை இங்கே குடியமர்த்திய அதே வறண்ட காற்று.

5. ஒப்பீடும் எச்சரிக்கையும்

பீகாரின் சுஜனியும் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கிப் பச்சிளங்குழந்தைக்காகத் தைத்ததுதான். சீனத்தில் பல வீடுகளில் துண்டு வாங்கி ‘நூறு குடும்பச் சட்டை’ தைத்துப் பிள்ளைக்குப் போடும் வழக்கம் இருந்தது. எங்குமே புதுத்துணிக்கு முதல் மரியாதை இல்லை.

தூங்கும் பிள்ளைக்கு ஒரு வயதுவரை மெத்துமெத்தென்ற போர்வையோ தலையணையோ அருகில் வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி. ஆகவே ஒட்டுமெத்தை மூடுவதற்கல்ல. விழித்திருக்கும் பிள்ளையை, ஆள் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் போட்டுக் குப்புற விழுவதை வேடிக்கை பார்க்கத்தான். மே மாதத்து விருதுநகரில் இந்த அறிவுரையை மீற யாருக்கும் மனம் வராது.

6. மேலாய்வுக்கு உரியவை

தைத்த மெத்தை எத்தனை பிள்ளை தாங்கும் என்பது தனி ஆய்வு. அதன் பிற்காலம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது: முதலில் மூத்திரத்துணி, பிறகு அடுப்பங்கரையில் சட்டி இறக்கும் பிடிதுணி, கடைசியில் மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல் சீட்டுக்கடியில். அங்கே எண்ணெய்க் கறைக்கு நடுவே யானையின் தும்பிக்கை மட்டும் அடையாளம் தெரிந்தால், அந்த வீட்டில் அடுத்த வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். துணி இன்னும் எடுக்கவில்லை.