சனிக்கிழமை முதலாளி

பட்டாபிராமில் சின்னதாகக் கட்டுமானத் தொழில் நடத்துகிறேன் என்று சொன்னால் "அடேயப்பா, பில்டரா!" என்கிறார்கள். அவர்கள் மனசில் வெள்ளைக் கார், கறுப்புக் கண்ணாடி, கையில் சுருட்டிய பிளான். என்னிடம் பிளான் மட்டும் உண்டு, அதுவும் டீக் கறையோடு. மற்றபடி என் அலுவலகம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் போட வேண்டுமானால் அலுவலகத்தைக் காலி செய்ய வேண்டும்.

முதலாளி என்ற பட்டம் எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங்காரர் எல்லாரும் சுற்றி நின்று "முதலாளி, முதலாளி" என்பார்கள். கூலி கைமாறியதும் பதவி போய்விடும். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை லீவு இல்லை, ஆனால் யாரும் வருவதில்லை. மேஸ்திரிக்குப் போன் போட்டால், "இந்து காலேஜ் ஸ்டேஷன்ல இறங்கிட்டேன் சார், வந்துக்கிட்டே இருக்கேன்" என்பார். பின்னால் அவர் வீட்டு மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர்கள் தரும் மரியாதையோ, கட்டடம் உயர உயரக் கீழே இறங்கும். பூமி பூஜையன்று 'இன்ஜினியர் சார்'. பேஸ்மெண்ட் முடிந்ததும் வெறும் 'சார்'. லிண்டல் மட்டத்தில் 'என்னங்க'. ரூஃப் காங்கிரீட் போட்டபின் 'என்னப்பா'. பூச்சு வேலையின்போது என்னோடு பேச்சே கிடையாது. "அந்த ஆளு இன்னைக்கு வந்தானா?" என்று மேஸ்திரியிடம் விசாரிப்பார்கள், நான் பக்கத்திலேயே நிற்பேன்.

பணமும் இதே படிகளில்தான் வரும். கோளாறு என்னவென்றால், வரவு ஒரு கட்டம் முடிந்தபிறகு, செலவு அது தொடங்குமுன்பே. அதனால் தண்டுரை வீட்டு ரூஃப் பணத்தில் மாடர்ன் சிட்டி வீட்டுக்குக் கம்பி எடுப்பேன். மாடர்ன் சிட்டி லிண்டல் பணம் தண்டுரைக்கு டைல்ஸாகப் போகும். இரண்டு வீட்டுக்காரரும் ஒரே நாளில் கணக்குக் கேட்டால், வருகிற அரக்கோணம் ரயிலில் ஏறிவிட வேண்டியதுதான்.

கைக்காசைப் போட்டுச் சமாளிக்கலாமே என்பீர்கள். அதற்கு வீட்டில் அனுமதி வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்கு, 2024 ஜூலையிலிருந்து தமிழக அரசே சுயசான்று முறையில் இணையத்தில் உடனடி அனுமதி கொடுக்கிறது. என் மனைவி இன்னும் அந்தத் திட்டத்தில் சேரவில்லை.

எம்-சாண்ட் வாங்குவதில் நான் கெட்டிக்காரன் என்று கொஞ்சகாலம் நினைத்திருந்தேன். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரி வந்ததும் டேப்பைப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து, பெருக்கி, கம்பீரமாகத் தலையாட்டுவேன். மணல் லேசாக ஈரமாயிருந்தால் உப்பிக்கொண்டு கால் பங்கு வரைகூட அதிகமாகக் காட்டும். இது டிரைவருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், சித்தாள் அக்காவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், லாரி சி.டி.எச். ரோட்டைத் தாண்டியபிறகு.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். கலவை போடும்போது அளவாக ஊற்ற வேண்டும், கூடினால் காங்கிரீட்டின் பலம் போய்விடும். ஆனால் இழுக்கச் சுலபம் என்று நான் அந்தப்பக்கம் திரும்பும்போது ஒரு குடம் கூடுதலாக இறங்கிவிடும். போட்டபிறகு குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் பார்க்க வேண்டும், அப்போது ஒரு ஆளையும் காணோம். ஆகவே விடிகாலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸ் பிடிப்பவர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். ஒருநாள் பக்கத்து வீட்டம்மா, "வாட்ச்மேன், அப்படியே நம்ம ரோஜாச் செடிக்கும் கொஞ்சம் விடுப்பா" என்றார். விட்டேன்.

2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. காலையிலேயே வீட்டுக்காரர் போன். "பத்து பர்சென்ட் கொறைஞ்சிடுச்சாமே, நம்ம மொத்த ரேட்டுல கழிச்சிடுங்க." சிமெண்டுக்குத்தான் சார் குறைந்தது, கம்பிக்கும் கூலிக்கும் இல்லை என்று விளக்கினேன். "சரி, அஞ்சு கழிங்க" என்றார், பெருந்தன்மையாக.

இதே மனிதர்தான் 2024 நவம்பரில் நம்மூர் டைடல் பூங்கா திறந்தபோது என்னை மடக்கினார். "அங்க 21 மாடி எழுப்பிட்டாங்க, உங்களால ஒரு மாடிப்படி முடிக்க முடியலையே?" அது 330 கோடி ரூபாய்க் கட்டடம் சார் என்றேன். "காசு என்னங்க காசு, மனசு இருந்தா போதும்" என்றார். அவர் தரவேண்டிய லிண்டல் பணம் அன்றைக்கும் வரவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னைச் சாய்ப்பது எக்ஸ்ட்ரா வேலை. வீட்டுக்காரரின் மச்சினர் ஞாயிற்றுக்கிழமை வருவார். வந்தவர் சும்மா போவாரா? "இங்க ஒரு லாஃப்ட் வச்சிடலாம் மாமா, பூஜை ரூமுக்கு ஆர்ச், சிட்அவுட்டை ரெண்டடி இழுத்துடலாம்" என்பார். மாமா என்னைப் பார்ப்பார். என் தலை என்னைக் கேட்காமலே ஆடும். கணக்கு முடிக்கும்போது அதற்குப் பணம் கேட்டால், "அதெல்லாம் ரேட்டுலயே சேர்ந்தது இல்லையா? எழுத்துல எதாவது இருக்கா?" என்பார்கள். தலையாட்டலுக்கு ரசீது கிடையாதே!

கடைசியில் மனைவி ஒரு நோட்டைக் கையில் எடுத்தாள். வேலைக்கு ஒரு கணக்கு, ஒன்றின் பணம் இன்னொன்றுக்குத் தாவக்கூடாது. வந்த நாளுக்குத்தான் கூலி. எக்ஸ்ட்ரா வேலையென்றால் விலையை எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டபிறகுதான் முதல் செங்கல். இப்போது திங்கட்கிழமை காலை எட்டுக்கு மேஸ்திரி வாசலில் நிற்கிறார். "முதலாளியம்மா இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்கிறார்.

ஆகவே நண்பர்களே, சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் தலையாட்டுவதற்கு முன்னால் விலையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அதற்குமேல் எனக்குத் தெரிந்த நிர்வாகம் எதுவும் இல்லை. நம்மூரில் வீடு கட்டும் யோசனை இருந்தால் தாராளமாக வாருங்கள். பிளானைப் பற்றி என்னிடம் பேசலாம், பணத்தைப் பற்றி அவளிடம். மச்சினரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.