டீயும் பன்னும் வாங்கிய அல்காரிதம்

எண்பதுகளின் கடைசியில், எங்கள் மாவட்டம் காமராஜர் பெயரில் இருந்த காலத்தில், விருதுநகரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டே சொந்தமாகவும் பாட்டுக் கட்டினேன். எல்லாம் இருக்கன்குடி மாரியம்மன் மேல். ஒரு கேசட்டுக்குப் பாட்டுத் தேறியது; போடத்தான் எந்தக் கம்பெனியும் தேறவில்லை. ஆகவே நானே கவிஞன், நானே முதலாளி, நானே சுமைகூலி.

விளம்பரத்துக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. கட்சி போஸ்டரிலிருந்து தினசரிக் காலண்டர் வரை ஊர் உலகத்துக்கே அச்சடித்துக் கொடுக்கும் சிவகாசி, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள். கைக்காசுதான் எட்டவில்லை. அச்சக போர்மேன் ஒருவர் மனமிரங்கி, பட்டாசு லேபிள் ஓடுகிற தாளின் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் என் கேசட் அட்டையையும் சேர்த்து ஓட்டிக் கொடுத்தார். எந்த வெடிக்கு அடித்த சிவப்போ தெரியாது, அம்மன் முகத்தில் அப்படி ஒரு உக்கிரம்.

அட்டை அடித்தால் போதுமா? ஊர் கேட்க வேண்டுமே. அதற்கு ஒரே வாசல் மைக்செட் அண்ணாச்சி. பங்குனிப் பொங்கலுக்குத் தெருத் தெருவாகக் குழாய் கட்டுகிறவர் அவர். பராசக்தி மாரியம்மன் கோயில் பக்கம் அவர் போடுகிற பாட்டைத்தான் மறுநாள் கேசட் கடையில் கேட்பார்கள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, எல்.ஆர்.ஈஸ்வரி ரெண்டு பாட்டு ஓடட்டும். அப்புறம் உன்னுதப் போடுதேன். மொதல்ல ஆளு நிக்கட்டும்.”

போட்டார். கூட்டமும் நின்றது. என் பாட்டுக்காக நின்றதா, தீச்சட்டி வருகிறது என்று நின்றதா என்று பிரித்துச் சொல்ல அன்றைக்கு ஒரு கருவியும் கிடையாது. அதனால் எனக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன். அந்த வசதி இனி யாருக்கும் வாய்க்காது.

நான் ஒன்றும் புது வழி போடவில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு, ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினவர். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் 1976-ல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்த இளையராஜா. அந்தக் கணக்குப்படி எனக்கும் ஒரு ‘அன்னக்கிளி’ வரும் என்று காத்திருந்தேன். வந்தது தலைநரைதான்.

இப்போது அக்கா மகன் என் பழைய பாட்டுகளை இணையத்தில் ஏற்றித் தருகிறான். போஸ்டர் ஒட்ட வேண்டாம், பசை காய்ச்ச வேண்டாம், யாருக்கும் டீ வாங்கித் தர வேண்டாம். முதல் நாளே சொல்லிவிட்டான்:

“மாமா, ஆரம்பத்துல வர்ற உருமியையும் நாதஸ்வரத்தையும் தூக்கிருவோம். முப்பது செகண்ட் கேட்டாத்தான் கணக்குல ஏறும். அம்மன் வர்றதுக்குள்ள ஆளு போயிருவான்.”

அம்மனை வரவழைக்கத்தானே உருமி? அதை ஸ்பாட்டிஃபையிடம் யார் சொல்வது? 2024 முதல் அங்கே இன்னொரு கணக்கு: பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடாத பாட்டுக்குப் பணமே கிடையாது. 2020-ல் அவர்கள் அறிவித்த வேறொரு ஏற்பாட்டில், உரிமைத்தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பாட்டை நாலு பேர் காதில் கூடுதலாகப் போட்டு வைப்பார்கள். அண்ணாச்சி பன்னோடு நிறுத்திக்கொண்டார், பங்கு கேட்கவில்லை.

குறை மட்டும் சொன்னால் பாவம். 2011-ல் ‘கிளப்புல மப்புல’ பாடிய ஹிப்ஹாப் தமிழா ஆதிக்கு இதே இணையம்தான் கதவைத் திறந்தது. ஆனால் 2021-ல் தீயும் அறிவும் பாடி உலகமே ஆடிய ‘என்ஜாய் எஞ்சாமி’யில் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு ஓடிய பாட்டுக்கே அந்தக் கதி என்றால், ஆயிரத்தை எட்டாத நான் நஷ்டமில்லாத மனிதன்.

போன தீபாவளிக்கு மருமகன் புது யோசனையோடு வந்தான். “நீங்க பாடுங்க. பின்னால வெடி போடுவோம். சிவகாசிப் பக்கத்து ஆளுன்னா ரீச் அள்ளும்.”

சரவெடிக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாயிற்று. ஆகவே வானத்தில் போய்ப் பூப்பூவாகச் சிதறுகிற ஃபேன்ஸி வெடிதான் வாங்கினோம். “அதுக்கும் சத்தம் வருமேடா, பாட்டு கேக்காதே?” என்றேன். “பாட்டு கெடக்கட்டும் மாமா, மொதல்ல ஆளு நிக்கட்டும்” என்றான். அண்ணாச்சியை அவன் பார்த்ததே இல்லை.

ஆள் நின்றது. என் ஆயுளில் பார்க்காத கூட்டம். யார் எத்தனை நொடி நின்றார், எந்த இடத்தில் கழன்றார் என்று படம் போட்டே காட்டுகிறது. வெடி முடிந்து என் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கும் இடத்தில் கோடு கிணற்றில் குதிக்கிறது. அடியில் வரிசையாக விசாரிப்பு: “அண்ணே, அந்தப் பச்சைக் கலர் வெடி எந்தக் கடை? பாக்ஸ் என்ன விலை?”

கடைப் பெயரை ஒவ்வொருவருக்கும் மறக்காமல் எழுதிப் போடுகிறேன். கூடவே என் பாட்டின் லிங்க்கையும். கடைக்காரருக்கு அடுத்த வருஷத்துக்கே இப்போது ஆர்டர் வருகிறதாம்.