பெரிய காரு வாங்கப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, இப்டிக் குந்து. சின்ன கார வித்துட்டுப் பெருசா ஒண்ணு எடுக்கப் போறியாமே? டீக்கடையில சொன்னாங்க. கோட்டக்குப்பம் பூராத் தெரிஞ்சப்பறம் தாத்தாகிட்ட ரோசன கேக்க வந்துருக்க. பரவால்ல, கடன் கேக்க வரலியே.

அந்தச் சின்ன காரு வந்த அன்னிக்கி நீ இன்னா சொன்ன, ஞாவகம் இருக்குதா? “தாத்தா, இதுக்குள்ள நூத்துப் பத்துக் குதிர இருக்குது”ன்ன. லாயம் எங்கடா கட்டப் போறன்னு கேட்டன், சிரிச்ச. அப்பறம் லாயம் தானா அமைஞ்சிபோச்சி. பாதி நாளு மெக்கானிக் ஷெட்டுலதான நின்னுது. கியரு மாறலங்கிற, மஞ்ச லைட்டு எரியுதுங்கிற, சென்சாருங்கிற. நூத்துப் பத்துல ஒண்ணு நொண்டுச்சின்னா மீதி நூத்தி ஒம்பதும் வேல நிறுத்தம் பண்ணிடுது. எங்க காலத்து வண்டி மாடுங்களுக்கு அவ்ளோ ஒத்தும கெடையாது.

இப்ப நீ இன்னா முடிவுக்கு வந்துருக்க? காரு சின்னது, அதனால கெட்டுது. பெருசு வாங்குனா கெடாது. இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களோ, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உங்கப்பன் கட்டுன பீஸத் திருப்பிக் கேக்கணும்.

உன் காருல கியரு மாத்த ரெண்டு கிளச்சு இருக்குது. ஒத்தப்பட கியருக்கு ஒண்ணு, ரெட்டப்பட கியருக்கு ஒண்ணு. ரெண்டாவதுல போவும்போதே மூணாவது கியரு தயாரா நிக்குது. அந்தப் பாய்ச்சலு அதுனாலதான். ஆனா அது உலர் கிளச்சு. எண்ணெயில முங்கிக் கெடக்கற வகையா இருந்தா சூட்ட எண்ணெ வாங்கிக்கும். இதுக்குக் காத்துதான் கதி. காத்து வேணும்னா வண்டி ஓடணும். சனிக்கெழம சாயங்காலம் நம்ப ஊர்ல எந்த வண்டிடா ஓடுது? மெட்ராஸ்லேர்ந்து தாகத்தோட பாண்டிக்கு வர்ற கூட்டம் பூரா கிழக்குக் கடற்கரைச் சாலையில நம்பளத் தாண்டித்தான் போவணும். ராஜீவ் காந்தி சிலை சிக்னலு வரைக்கும் ஊருது. நீயும் அதுல ஊர்ற. உள்ள இருக்கற கம்ப்யூட்டரு கிளச்சப் புடிக்குது, வுடுது, புடிக்குது, வுடுது. பிளேட்டு கருகாம இன்னா பண்ணும்? ரேசுக்குச் செஞ்சத தேரோட்டத்துக்கு வுட்டது நீ. பழி மட்டும் காரு மேல.

அப்பறம் அந்த டர்போ. நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற சாமான் அது. மரக்காணத்துலேர்ந்து அடிச்சிப் புடிச்சி ஓட்டிக்கினு வந்து, வூட்டாண்ட நின்னதும் எஞ்சின அணைச்சிடுற. எண்ணெ ஓட்டம் நின்னுபோவுது, சூடு நிக்கல. பேரிங்குல இருக்கற எண்ணெ அங்கியே தீய்ஞ்சி கரியாவுது. ஒரு நிமிசம் சும்மா ஓட வுட்டு அப்பறம் அணைன்னு கம்பெனிக்காரன் குடுத்த புஸ்தகத்துலியே போட்டுருப்பான். அந்தப் புஸ்தகம் எங்க? பிளாஸ்டிக் உறை பிரிக்காம டேஷ்போர்டுல கெடக்குது. நான் பாத்தன்.

இன்னொண்ணு, நம்ப காத்து. வடக்க மரக்காணம் உப்பளம், கெழக்க கடலு. நான் உப்பு லாரி ஓட்டுன ஆளு, உப்பு இன்னா பண்ணும்னு எனக்குச் சொல்லாத. உப்பு தானா சும்மா கெடக்காது, காத்துல இருக்கற ஈரத்த இழுத்து வச்சிக்கும். செம்புக் கம்பியில ஏறுனா பச்ச புடிக்கும், இரும்புல ஏறுனாத் துருவேறும். உங்க சென்சாருங்க பேசிக்கிறது எல்லாம் ஊசியளவு பின்னு வழியா. அதுல பச்ச புடிச்சா அது பேசறது கம்ப்யூட்டருக்குப் புரியாது, மஞ்ச லைட்டப் போட்டுடும். நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மேல்பக்கம் பளபளன்னு தொடைக்கிற. அடியில என்னிக்காவது தண்ணி அடிச்சியா? அடிச்ச, போன பொங்கலுக்கு, போர் தண்ணியில. அந்தத் தண்ணிய வாயில ஊத்திப் பாரு, ரசத்துக்கு உப்பு போட வேணாம். பெரிய காருல சென்சாரு கொறைவா? ரெட்டிப்பா இருக்கும்.

உப்புன்னு சொன்னதும் ஒண்ணு ஞாவகம் வருது. தமிழ் வாத்தியாரு ஒருத்தரு திண்ணையில குந்திக்கினு சொன்னது. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் நம்ப மரக்காணந்தான்னு அறிஞருங்க சொல்றாங்களாம். அந்தக் காலத்துல உப்பு வண்டி ஓட்டுனவங்கள உமணருன்னு சொல்லுவாங்க. மேடும் பள்ளமுமா இருக்கற வழியில அச்சு முறிஞ்சாலும் முறியும்னு, இன்னோரு அச்ச வண்டிக்கி அடியிலியே கட்டிக்கினு போவாங்களாம். ஔவையாரு அதப் பாத்துட்டு, புறநானூறு 102-வது பாட்டுல, பொகுட்டெழினிங்கற தலைவன அந்தச் சேம அச்சுன்னே சொல்லிட்டாங்களாம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி, ஒரு மாட்டு வண்டிக்காரனுக்கு இருந்த புத்தி.

நீ எடுக்கப் போற பெரிய காருல ஸ்டெப்னி உண்டாடா? போன்ல படத்தக் காட்டு. பாத்தியா, டிக்கியில ஒரு பசை டப்பாவும் காத்தடிக்கிற பொம்ம மிஷினும் இருக்குது. 2020-ல சட்டத்துலியே வழி பண்ணிக் குடுத்துட்டாங்க: டியூப் இல்லாத டயரு, காத்து கொறைஞ்சாச் சொல்ற கருவி, பஞ்சர் ஒட்டற சாமான், இந்த மூணும் இருந்தா ஸ்டெப்னி வேணாம்னு. ஆணி குத்துனா அந்தப் பசை அடைக்கும். கூனிமேடு தாண்டி ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பள்ளத்துல வுட்டு டயரு பக்கவாட்டுல கிழிஞ்சா, எந்தப் பசை அடைக்கும்? உமணரு வந்துதான் உன்ன இழுத்துக்கினு போவணும்.

காருங்களும் பெருத்துக்கினேதான் போவுது. இங்கிலாந்துல 1959-ல மினின்னு ஒரு காரு போட்டான், அலெக் இசிகோனிசுங்கறவன். நீளம் மூணு மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். எஞ்சினக் குறுக்கால திருப்பி வச்சி, நாலு ஆளக் குந்த வச்சான். அந்தத் துக்கிணி வண்டி 1964, 1965, 1967 மூணு தடவையும் மான்டி கார்லோ ராலியில பெரிய பெரிய வண்டிங்களத் தோக்கடிச்சிது. அந்தப் பேரு இப்ப பிஎம்டபிள்யூகாரன்கிட்ட இருக்குது. செங்கல்பட்டுக்கு அந்தாண்ட மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில அவன் பட்டறையில 2013-லேர்ந்து மினி கன்ட்ரிமேன்னு பூட்டி வித்தான். இப்ப வர்ற கன்ட்ரிமேன் 4.4 மீட்டரு. பேரு மட்டும் இன்னும் மினி. கல்யாணத்துக்கு முந்தி எடுத்த போட்டோவ நீ இன்னும் போன்ல வச்சிருக்கற இல்ல, அப்டித்தான்.

நீளம்னதும் டேப்ப எடு. நம்ப நாட்டுல நாலு மீட்டருங்கறது ஒரு கோடு. 2006 பட்ஜெட்ல போட்ட கோடு அது. அதுக்குள்ள அடங்குனா வரி கொறைவு. அதனாலதான் பின்பக்கம் வெட்டுன மாதிரி அவ்ளோ காருங்க ஓடுது. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து, நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோலுன்னா 1200 சிசி, டீசலுன்னா 1500 சிசிக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி 18 சதவீதம். கோட்டத் தாண்டுனா 40. அதுக்கு மேல தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023 நவம்பர்ல ஏத்துனாங்க: பத்துலேர்ந்து இருபது லட்சம் வரைக்கும் 18 சதவீதம், இருபதத் தாண்டுனா 20. ஒரு சாண் நீளம் கூட வேணும்னு நீ ஆசைப்படற. அந்தச் சாணுக்கு அரசாங்கம் ஆசைப்படறத நீ பாக்கல.

உடனே கண்ணடிக்கிற. தெரியும், இந்தத் தெருவுலேர்ந்து கல்ல வுட்டா பாண்டியில வுழுது, அங்க வரி கம்மி, அத்தை வூட்டு விலாசத்தப் போட்டு பிஒய் நம்பர் வாங்கிடலாம்னு. அத்த வுடு. இப்டித்தான் போலி விலாசம் குடுத்துப் புதுச்சேரியில ரிஜிஸ்தர் பண்ணாங்கன்னு 2017-ல கேரளத்துப் போலீசு சினிமாக்காரங்க மேலியே வழக்குப் போட்டுச்சு. அவங்களுக்காவது வக்கீலு இருந்தான். வெளி மாநில நம்பர இங்க பன்னெண்டு மாசத்துக்கு மேல வச்சிருந்தா மாத்தியாவணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு சொல்லுது. பெட்ரோல் வேணா அங்க போட்டுக்க. நாங்கல்லாம் அத்தத்தான் பண்றோம். காலாப்பட்டு வந்தாப் பாண்டி, அனுமந்தை வந்தாத் தமிழ்நாடு. எல்லையே இங்க நேராப் போவ மாட்டங்குது.

வேகம் வேகம்னு பறந்தியே, அதுக்கும் எடம் இருக்குது, இல்லன்னு சொல்லல. எங்க காலத்துல சோழவரத்துல பழைய விமான ஓடுபாதையில ரேசு நடக்கும், மெட்ராசே அங்க போவும். அப்பறம் இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போட்டாங்க. கோயமுத்தூருல கரிவரதன்னு ஒரு மனுசன், மாருதி எஞ்சின வச்சியே ரேஸ் காரு செஞ்சி பசங்கள ஓட்ட வச்சாரு. அந்தக் கோயமுத்தூருலேர்ந்து வந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டுனாரு. அவங்கல்லாம் பாதையிலதான் ஓட்டுனாங்க. பொம்மையார்பாளையம் வளைவுல, மீன்கூடையோட ரோட்டத் தாண்டற கெழவிகிட்ட வீரம் காட்டல.

காரு செய்றவன் நிலைப்பானாங்கறதையும் பாத்துக்க. அதே கோயமுத்தூரு ஜெயம்காரங்க டாட்டாவோட சேந்து 2018-ல டியாகோ ஜேடிபின்னு ஒரு சின்னப் புலிய வுட்டாங்க. 114 குதிர. 2020-லியே அது போயிருச்சி. ஃபியட்டு 2015-ல புன்டோ அபார்த்துன்னு 145 குதிரையோட ஒண்ணு வுட்டான். 2019-ல அவன் பேருல காரு விக்கறதே இங்க நின்னுபோச்சி. ஃபோர்டுகாரன் 2021-ல கௌம்பறன்னு சொன்னான், அடுத்த வருசமே மறைமலை நகர் பட்டறையில உற்பத்திய நிறுத்திட்டான். நல்ல வண்டிங்கதான், நான் கொறை சொல்லல. ஆனா நம்ப ஆளு அதுங்கள வச்சிக்கினு ஒரு சாமானுக்கு எத்தினி கடைக்குப் போன் போடறான் பாரு.

ஃபெஞ்சல் புயல மறந்துட்டியா? 2024 நவம்பர் 30. பாண்டியில ஒரே நாளுல 46 சென்டிமீட்டருக்குக் கொறையாமப் பேஞ்சிது. தெருவுல நின்ன காருங்க மூக்கு முங்கிக் கெடந்துச்சி. வெடிஞ்சதும் ஓடிப்போயி சாவியத் திருப்புனாங்க பாரு, அங்கதான் கெட்டுது. சிலிண்டருக்குள்ள தண்ணி பூந்துருந்தா அத்த அமுக்க முடியாது, உள்ள இருக்கற ராடு வளைஞ்சிடும். தண்ணியில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போனா, சாதாரண இன்சூரன்சுல பெரும்பாலும் கை விரிச்சிடுவான். எஞ்சினுக்குன்னு தனியாப் பணம் கட்டிச் சேத்துருக்கணும். அந்தப் பணத்த மிச்சம் புடிச்சிட்டு முப்பதாயிரத்துக்குப் பாட்டுப் பொட்டி மாட்டுனவனுங்களை எனக்குத் தெரியும். ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கற சாதி.

சரி, மூஞ்சத் தொங்கப் போடாத. பெருசு வாங்க வேணாம்னு நான் எங்க சொன்னன்? உனக்குப் புள்ள பொறந்துருக்குது, உன் பொண்டாட்டி பொறந்த வூடு போவும்போது மூட்ட மூட்டையா ஏத்துது, உங்க ஆயாவுக்கு மூட்டு மடங்கல. தாழ்வான காருல அவளக் குந்த வைக்கறது ஒரு வேல, கௌப்பறது ஊரே கூடிச் செய்யற வேல. உயரமா ஒண்ணு எடு. ஆனா கையால கியரு போடறதா எடு. இல்ல, ஆட்டோமேட்டிக் இல்லாம ஒடம்பு ஒத்துக்காதுன்னா, எண்ணெ வழியா இழுக்கற பழைய டார்க் கன்வர்ட்டர் வகையில எடு. பாய்ச்சல் கொஞ்சம் கொறையும். பாண்டியில இருக்கற சர்வீஸ் சென்டர்லியே பாக்க முடியணும். மெட்ராசுக்குத்தான் எடுத்துக்கினு போவணும்னா அந்தக் காரே வேணாம். வாரன்டிய நீட்டிக்க வழி இருந்தா மொதல் நாளே நீட்டிக்க.

ஓட்டிப் பாக்கச் சொல்லுவான் டீலரு. அவன் காலியான பைபாசுல கூட்டிக்கினு போவான், மாட்டேன்னு சொல்லு. சனிக்கெழம சாயங்காலம், ஏசி போட்டு, ஆயாவையும் மாமியாரையும் பின்னால குந்த வச்சி, நம்ப ஊருலேர்ந்து ராஜீவ் காந்தி சிலை வரைக்கும் ஊர்ந்துட்டு வா. வந்து நம்ப தெருவுல ஒருவாட்டித் திருப்பிக் காட்டு. திரும்பறதுக்கு எதிர் வூட்டுத் திண்ணைய இடிக்கணும்னா, அந்தத் திண்ணக்காரனுக்கும் எனக்கும் அம்பது வருசப் பழக்கம், நான் அவன் பக்கந்தான் பேசுவன்.

இன்னொண்ணும் சொல்லிடறன். ஏழு பேரு குந்தற வண்டின்னு தெரிஞ்ச அன்னிக்கே நம்ப சொந்தத்துல எல்லாக் கல்யாணமும் உன் வண்டியிலதான். உன் சித்தப்பன் இப்பவே திருவண்ணாமல கிரிவலத்துக்கு நாள் பாத்துட்டான். பெட்ரோல் காச அவன் குடுக்க மாட்டான், நானும் குடுக்க மாட்டன்.

சின்ன கார விக்கறியே, வாங்கறவன்கிட்ட அந்தக் கிளச்சு விசயத்த மறைக்காத. சர்வீஸ் பில்லு பூரா அவன் கையில குடு. ஒரு பத்தாயிரம் கொறைச்சிக் கேப்பான், குடுத்துடு. நாளைக்கி அவனும் இதே ரோட்டுல தான ஊரப் போறான்.

முன்பணம் கட்டறதுக்கு முந்தி டிக்கிய நல்லாத் தொறந்து, அந்தக் கம்பளத்தத் தூக்கிப் பாரு. மத்த நாலு டயரு சைசுலியே ஸ்டெப்னி இருந்தாக் கட்டு. இல்லன்னா எழுந்து வந்துடு.