மடங்குவது யார்?

உயரமானவனுக்கு ஊரில் மரியாதை உண்டு, இடம்தான் கிடையாது. ஷேர் ஆட்டோவில் என் முழங்கால் முன்னால் இருப்பவரின் முதுகை நலம் விசாரிக்கும். ரயிலில் படுத்தால் பாதம் இரண்டும் நடைவழிக்கு வந்துவிடும்; இடித்துக்கொண்டவர்கள் பாதத்திடமே 'ஸாரி' சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த 6 அடி 3 அங்குலத்தை வைத்துக்கொண்டு நான் கயாக் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் கோவளம்.

அங்கே உப்பங்கழியில் வாடகைக் கயாக் ஒன்றில் ஏறினேன். மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் வகை. கால் பதிக்கப் பள்ளம் பள்ளமாக அச்சிலேயே வார்த்திருந்தார்கள். என் குதிகால் கடைசிப் பள்ளத்தையும் தாண்டிப் போய் நின்றது. ஆனாலும் துடுப்பைப் போட்டதும் படகு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனதே, அந்தச் சுகம் என்னை விடவில்லை. சொந்தமாக ஒன்று வேண்டும்.

அந்த வகை சுமார் 25 கிலோ. எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "பார்க்கிங்ல படகு விடக் கூடாது சார், அசோசியேஷன்ல கேப்பாங்க" என்று வாங்கும் முன்பே சட்டம் போட்டுவிட்டார் செக்யூரிட்டி. ஆகவே பையில் போட்டுத் தூக்கும் வகைதான் கதி. அதில் இரண்டு ஜாதி: காற்றடிப்பது, மடிப்பது.

மடிப்பதற்கு நல்ல பூர்வீகம் உண்டு. 1905இல் ஆல்ஃபிரட் ஹாய்ரிச் என்ற ஜெர்மானிய மாணவர் செய்த படகின் உரிமையை வாங்கி, 1907இல் தொழிலாகத் தொடங்கியவர் ரோசன்ஹைம் ஊர் யோஹான் கிளெப்பர். அவர் தையற்காரர். மரச்சட்டம், மேலே துணி. கழற்றிப் பையில் போட்டு ரயிலேறலாம். 1932இல் ஓஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் மடக்குக் கயாக் ஒன்றில் உல்ம் நகரிலிருந்து கிளம்பி, இந்தியக் கரையோரமாகவும் துடுப்புப் போட்டு, 1939இல் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். அதற்குள் போர் தொடங்கிவிட்டதால் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். மனைவியை மசிய வைக்க இந்தக் கதையைச் சொன்னேன். "ஏழு வருஷமா? அவர் வீட்ல யாரும் தேடலையா?" என்றார்.

கயாக்குக்கெல்லாம் மூதாதை ஆர்க்டிக் மக்களின் தோல் படகு. ஓட்டுகிறவன் உடம்புதான் அங்கே அளவுகோல். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப் போல மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்போடு இரண்டு முஷ்டி சேர்த்தால் உட்காரும் இடத்தின் அகலம் என்று ஒரு கணக்கு. கைகளை விரித்தால் ஏறக்குறைய என் உயரம்தான்; அதன்படி எனக்கு 18¾ அடிப் படகு வேண்டும். எங்கள் ஹாலே 14 அடிதான்.

ஆளை அளந்து படகு செய்தவர்கள் அவர்கள். மடக்குப் படகைப் பரப்பியவரோ தையற்காரர். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த பொருளை விற்கிற கடையில் ஒருவர் கையிலும் டேப் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

"வெயிட் எவ்வளவு சார்?"

"84."

"அப்ப தாராளம். 100 கிலோ தாங்கும்."

"காலுக்கு இடம் பத்துமா?"

"காலும் அந்த 84லயே சேர்ந்ததுதானே சார்!"

கடைப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டியில் எடை உண்டு, வெளி நீளம் உண்டு. உட்கார்ந்தபின் காலுக்கு மிச்சம் எவ்வளவு என்பது மட்டும் இராது. 9 அடி என்பார்கள். முன் மூக்கு, பின் வால், முதுகுச் சாய்மானம் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக நமக்கு வருவது, பாகப்பிரிவினையில் கடைசித் தம்பிக்கு வருகிற நிலம். உட்கார்ந்து பார்த்தேன். படகு மடங்கும் என்றார்கள், மடங்கியது நான். துடுப்பைச் சுழற்றும்போதெல்லாம் முழங்காலில் 'ணங்'.

முழங்கால் லேசாக மடங்கி, முன்பாதம் கால்தாங்கியில் அழுந்தினால்தான் சரியான இருப்பு. காலைத் தட்டையாக நீட்டினாலும் பின்தொடை இழுக்கும், மரத்துப்போகும். சீட்டை உயர்த்தினால் காலுக்குச் சுகம். ஆனால் நெட்டையனுக்கு ஏற்கெனவே பாரமெல்லாம் மேலே, இன்னும் ஏற்றினால் படகு ஆட்டம் காணும். அதனால் கற்றுக்குட்டிக்கு அகலமான படகுதான் நல்லது. அகலம் கூடினால் துடுப்பும் நீள வேண்டும். எனக்கு 240 சென்டிமீட்டர். காற்றடிக்கும் வகை என்றால், தரையாவது உள்ளே நூலிழை கோத்த விறைப்பான ரகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவே தொய்ந்து, மூக்கும் வாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

கடைசியில், உலகத்து நெட்டையர்கள் பலரும் பிடிக்கிற வழியையே நானும் பிடித்தேன். இருவர் கயாக்கை வாங்கி, ஒரு சீட்டைக் கழற்றிவிட்டு, மற்றதை நடுவே நகர்த்திப் போட்டு ஒற்றையாக ஓட்டுவது. சீட்டு நகரும் மாதிரியா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். ஹாலில் மூலைக்கு மூலை வைத்துக் காற்றடித்து, உள்ளே உட்கார்ந்து, காலை நீட்டினேன். நீண்டது!

பெட்டியின் மேல் இருவர் சிரித்தபடி துடுப்புப் போடும் படம். மனைவி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு சீட் எங்கங்க?"

"பரண்ல."

பாரம், சமநிலை, நடுப்புள்ளி என்று படகு சாஸ்திரம் முழுவதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "சரி, எடுங்க. ஸ்டூல் போட்டாலும் எனக்கு எட்டாது. உங்களுக்குத்தான் உயரம் இருக்கே" என்றார்.